கம்பெனி 1969-லேயே மூடியாச்சு, எஞ்சின் இன்னும் ஓடுது: ஆல்கோ டீசல்களின் கடைசிக் காலம்

அருவங்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கர ஸ்டீம் எஞ்சின். அதை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு ஒரு டீசலை மாட்டுகிறார்கள். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன், ஏனென்றால் எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சின்ன வயதில் மீட்டர்கேஜ் வண்டியில் எழும்பூர் போகும்போது கேட்ட அதே சத்தம். ஒய்டிஎம்-4 என்ற டீசல் எஞ்சின் வகை.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இதன் மூல வடிவம் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியுடையது. நியூயார்க் மாநிலம் ஷெனெக்டடியில் இருந்த ஆலை. 1969-இல் மூடிவிட்டார்கள். கடையை மூடி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் எஞ்சின் நீலகிரியில் தினமும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இது எப்படி? உலகத்தில் வேறு எங்கெல்லாம் இவை மிச்சம் இருக்கின்றன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

நாட்ச் எட்டு எழுதியது:

தம்பி, மனசுக்கு நெருக்கமான விஷயத்தைக் கிளப்பிவிட்டீர்கள். நான் மீட்டர்கேஜில் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, பிராட்கேஜில் லோகோ பைலட்டாக ரிட்டயர் ஆனவன். ஒய்டிஎம்-4, டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-3ஏ மூன்றும் ஓட்டியிருக்கிறேன். மூன்றுமே ஆல்கோதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவுக்கு முதலில் வந்தது டபிள்யூடிஎம்-1. 1957-லிருந்து 100 எஞ்சின்கள், எல்லாம் ஆல்கோ கட்டி அனுப்பியவை. முதல் எஞ்சின் (எண் 17000) டெல்லி ரயில் மியூசியத்தில் நிற்கிறது. அப்புறம் 1962-இல் டபிள்யூடிஎம்-2. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். முதல் 40 அங்கிருந்து வந்தன. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களின் டபிள்யூடிஎம்-4-உம் வந்தது. ஓட்டினவர்கள் பலரும் அதுதான் நல்ல வண்டி என்பார்கள். ஆனால் தொழில்நுட்பத்தை முழுசாகக் கொடுக்க ஆல்கோதான் ஒத்துக்கொண்டது. அதனால் வாரணாசியில் டீசல் லோகோமோட்டிவ் வொர்க்ஸ் (டிஎல்டபிள்யூ) ஆலை ஆல்கோ வரைபடங்களோடு எழுந்தது. 1964 ஜனவரியில் முதல் எஞ்சின் வெளியே வந்தது. மீட்டர்கேஜ் ஒய்டிஎம்-4 அங்கே 1968-லிருந்து.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கடை மூடும்போது நம் ஆலைக்கு வயசு அஞ்சு. அங்கே விளக்கை அணைத்துவிட்டார்கள். இங்கே அப்போதுதான் ஏற்றியிருந்தோம். அதன் பிறகு டபிள்யூடிஎம்-2 மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேல் கட்டினோம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-இல் ஓட ஆரம்பித்தபோது இழுத்தது இதே ஆல்கோக்கள்தான். இரண்டு எஞ்சினை ஜோடியாக மாட்டி ஒரே கேபினிலிருந்து ஓட்டுவார்கள்.

---

கணக்கர் எழுதியது:

எல்லாருடைய நினைவுகளையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து.

ஒரு எஞ்சின் நீண்ட நாள் ஓடுகிறது என்பதாலேயே அது நல்ல எஞ்சின் என்று ஆகிவிடாது. நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்ததை மட்டும். டபிள்யூடிஎம்-2 ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. அதில் பெரும்பாலானவை 36 வருடம் என்ற விதிக்காலம் முடிந்து, சில அதற்கு முன்னாலேயே, பழைய இரும்பாகப் போய்விட்டன. அவற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

அமெரிக்காவிலேயே ஆல்கோ ஏன் தோற்றது? 1940-களின் நடுவில் வந்த 244 என்ற டீசல் எஞ்சின் மாடல் தொல்லை கொடுத்தது. கிராங்க்ஷாஃப்ட் உடைவது, டர்போ போவது. அதைக் கைவிட்டு 251 என்ற அடுத்த மாடலைக் கொண்டுவருவதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் சந்தையைப் பிடித்துவிட்டது. அதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆல்கோவுக்கு மோட்டாரும் ஜெனரேட்டரும் கொடுத்துக்கொண்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக், தானே முழு எஞ்சின் கட்ட இறங்கி, 1960 வாக்கில் யு25பி-ஐக் கொண்டுவந்தது. பொருள் கொடுப்பவனே போட்டிக்காரன் ஆனால் என்ன செய்ய முடியும்? 1963-இல் செஞ்சுரி என்ற புது எஞ்சின் வரிசையை இறக்கிப் பார்த்தார்கள். 1964-இல் கம்பெனியையே வொர்த்திங்டன் வாங்கியது. 1969-இல் முடிந்தது.

இந்தியா ஆல்கோவைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் பாசம் இல்லை. வேறு வழி இல்லை. 1995-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் எஞ்சின் பிரிவான இஎம்டியோடு ஒப்பந்தம் போட்டு டபிள்யூடிஜி-4, டபிள்யூடிபி-4 வந்தபோது என்ன ஆனது? 4000 குதிரைத்திறன், டீசல் செலவு குறைவு, அடிக்கடி ஷெட்டுக்கு இழுத்து வர வேண்டியதில்லை. ஆல்கோவின் காலம் அன்றைக்கே முடிந்தது என்பது என் கருத்து.

---

ஷெட் ஃபிட்டர் எழுதியது:

கணக்கர் சார் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. நான் மறுக்கவில்லை. டீசல் ஷெட்டில் 30 வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தேன். ஆல்கோ எண்ணெய் கக்கும், தண்ணி ஒழுகும், புகை விடும். எங்கள் யூனிஃபார்ம் எந்தக் கலர் என்று எங்களுக்கே மறந்து போகும்.

ஆனால் "வேறு வழி இல்லாமல் வைத்திருந்தோம்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த எஞ்சினை மனுஷன் கையால் திறக்கலாம். அதுதான் விஷயம்.

நம் வண்டிகளில் இருந்த 251-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தலை, தனி ஃபியூயல் பம்ப். ஒரு சிலிண்டர் பழுது என்றால் அந்த ஒன்றை மட்டும் கழற்றலாம். ஹெட், லைனர் (சிலிண்டரின் உள் உறை), பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் சங்கிலி பிளாக்கில் தூக்கி எடுத்து, ரிப்பேர் பண்ணி வைத்திருக்கும் இன்னொன்றை இறக்கி, மறுபடி மூடலாம். பிஸ்டன் 9 அங்குலம் அகலம், ஸ்ட்ரோக் பத்தரை அங்குலம். 6 சிலிண்டர் ஒய்டிஎம்-4, 12 சிலிண்டர் டபிள்யூடிஎம்-1, 16 சிலிண்டர் டபிள்யூடிஎம்-2, மூன்றுக்கும் இதே அளவு. ஒன்றில் வேலை கத்துக்கொண்டவன் மூன்றிலும் வேலை பார்க்கலாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசி. ஒரு டபிள்யூடிஎம்-2 லைனிலிருந்து வந்து நின்றது. டிரைவர் புத்தகத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: தண்ணி அளவு குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே ஒழுகுகிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். எண்ணெய் லேசாக மோர் கலந்த மாதிரி இருந்தது. கிராங்க்கேஸ் கதவுகளைக் கழற்றினோம். தண்ணிக்கு பிரஷர் கொடுத்துவிட்டு, எங்கள் மேஸ்திரி கையில் டார்ச்சோடு ஒவ்வொரு கதவாகத் தலையை நுழைத்துப் பார்த்தார். ஏழாவது கதவில் நின்றுவிட்டார். "வா, பாரு" என்றார். லைனரின் அடி விளிம்பில் ஒரு சொட்டு. கீழே விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் மணி மாதிரி. அது விழுவதற்கு அரை நிமிஷம் ஆனது. அடுத்தது உருவாக இன்னொரு நிமிஷம்.

அந்தச் சொட்டைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பேரிங் போய், கிராங்க்ஷாஃப்ட் போய், மொத்த எஞ்சினும் போயிருக்கும். ரப்பர் சீல் ஒன்று. அவ்வளவுதான் காரணம். புதிதாக வந்த சரக்கு, சரியில்லாத சரக்கு. அந்த லாட்டையே திருப்பி அனுப்பச் சொல்லி மேஸ்திரி எழுதிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் வண்டி லைனுக்குப் போய்விட்டது.

---

நியூகாசில் எழுதியது:

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் இருப்பதால் ஃபிட்டர் ஐயா சொன்னதை அன்றாடம் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

இங்கே 48 வகுப்பு என்று ஒரு சின்ன எஞ்சின். ஆல்கோவின் டிஎல்531 வடிவம். ஒய்டிஎம்-4 போலவே 6 சிலிண்டர் 251. சிட்னியில் ஏ.இ. குட்வின் என்ற கம்பெனி உரிமம் வாங்கிக் கட்டியது. 1959-லிருந்து 1970 வரை 165 எஞ்சின்கள். இலேசான தண்டவாளம் போட்ட கோதுமைக் கிளைப் பாதைகளில் ஓடுவதற்காகக் கட்டியவை. 60 வருடம் தாண்டியும் சில இன்னும் தனியார் கைகளில் தானிய வண்டி இழுத்திருக்கின்றன. மூன்று நான்கு எஞ்சின்களை வரிசையாகக் கோத்து, முன்னால் நிற்பவருக்கு வயிறு அதிரும்படி போகும். கட்டிய குட்வின் கம்பெனியும் இப்போது இல்லை.

டபிள்யூடிஎம்-1-க்கும் இங்கே ஓர் உடன்பிறப்பு உண்டு. 44 வகுப்பு. அதே டிஎல்500 'வேர்ல்ட் சீரிஸ்'. அதுவும் சரியாக 100 எஞ்சின்கள், அதுவும் 1957-இல் ஆரம்பம். டெல்லி மியூசியத்தில் 17000-ஐப் பார்த்தவர்கள் இங்கே ஒரு 44-ஐப் பார்த்தால் ஜாடை உடனே தெரியும்.

ஆனால் கணக்கர் சார் பக்கத்துக்கும் ஒரு சாட்சி சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புச் சுரங்கப் பாதைகளில் 3600 குதிரைத்திறன் ஆல்கோ வகைப் பெரிய எஞ்சின்கள் இருந்தன. இழுத்தது உலகத்திலேயே மிகக் கனமான சரக்கு வண்டிகளில் சிலவற்றை. அங்கே கையில் பணம் இருந்தது. ஆல்கோ எஞ்சினைப் பிடுங்கிவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினைப் பொருத்திப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பணக்காரப் பாதைகள் விட்டுவிட்டன, கோதுமைப் பாதைகள் வைத்துக்கொண்டன. இதில் ஏதோ ஒரு உண்மை இருக்கிறது.

---

கணக்கர் எழுதியது:

நியூகாசில் அண்ணன் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். நான் சொல்ல வந்ததும் அதுதான். நாள் முழுக்க, வருடம் முழுக்க முழு பாரம் இழுக்கிற இடத்தில் ஆல்கோ நிற்கவில்லை. கொஞ்சமாக உழைக்கிற இடத்தில் நின்றது. கிளைப் பாதை, ஷண்டிங், மலை ரயில். வயதானவர்களுக்கு எளிய வேலை கொடுத்து வைத்துக்கொள்வது மாதிரி.

ஃபிட்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கையால் திறக்கலாம் என்கிறீர்கள், சரி. ஆனால் அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது என்பதும் குறைதானே?

---

ஷெட் ஃபிட்டர் எழுதியது:

குறைதான் சார். ஆள் கூலி ஏறிய நாட்டில் அது பெரிய குறை. அமெரிக்காவில் ஒரு ரயில்வேயில் நூறு ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் இருக்கும், பத்து ஆல்கோ இருக்கும். அந்தப் பத்துக்காகத் தனி சாமான், தனி ஆள் வைக்க வேண்டும். முதலில் அதைத்தான் தள்ளிவிடுவான். நம் ஊரில் கதை தலைகீழ். எல்லாமே ஆல்கோ. சாமான் பஞ்சமில்லை, வேலை தெரிந்த ஆள் பஞ்சமில்லை.

முழு பாரம் இழுக்கிற இடத்தில் நிற்கவில்லை என்றீர்களே, அதில் மட்டும் ஒரு திருத்தம். நம் நாட்டில் நிலக்கரி, சிமெண்ட், அரிசி எல்லாம் வருஷக்கணக்கில் முழு பாரத்தோடு இழுத்தது டபிள்யூடிஎம்-2-தான். 18 வருஷம் ஓடினதைப் பஞ்சாபில் இருக்கும் பாட்டியாலா ரயில்வே ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே எலும்புக்கூடு வரைக்கும் உரித்து, 2600-ஐ 3100 ஆக்கி, டபிள்யூடிஎம்-3ஏ என்று திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் இன்னொரு 18. வாரணாசியில் அதே எஞ்சினை டபிள்யூடிஎம்-3டி-யில் 3300 வரைக்கும் ஏற்றினார்கள். ஆல்கோவே தன் 251-இல் நினைத்துப் பார்க்காத சில மாற்றங்களை நம் ஆட்கள் செய்தார்கள். டர்போ மாற்றினது, ஃபியூயல் பம்ப் மாற்றினது, கம்ப்யூட்டர் கண்ட்ரோல் வைத்தது. அப்பன் செத்த பிறகு பிள்ளை வளர்ந்த கதை இது.

---

வவுனியா சந்தி எழுதியது:

இலங்கைப் பக்கத்துக் கதையும் கொஞ்சம் கேளுங்கோ.

எங்கட புகையிரதத் திணைக்களத்தில் எம்4 என்று ஒரு வகை இருக்கு. 1975-இல் கனடாவில் இருந்து வந்தது. மொன்ட்ரியல் லோகோமோட்டிவ் வேர்க்ஸ் கட்டினது, மொத்தம் 14. இலக்கம் 743 தொடங்கி 756 வரை. 12 சிலிண்டர் 251 எஞ்சின், 1750 குதிரைவலு. மொன்ட்ரியல் ஆலை ஆல்கோவின் கனேடியக் கிளை. ஷெனெக்டடி மூடினபிறகு அதே வரைபடங்களை வைத்துக்கொண்டு அவர்கள்தான் தொடர்ந்து கட்டினவர்கள். 1975-இல் பொம்பார்டியர் என்ற கம்பெனி வாங்கி, 1985-இல் எஞ்சின் கட்டுறதையே விட்டுட்டார்கள். அதாவது எங்கட எம்4-க்கு அம்மாவும் இல்லை, அம்மம்மாவும் இல்லை.

எண்டாலும் இந்த 14 எஞ்சின்கள் 40 வருடம் தாண்டியும் வேலை செய்தன. நான் கொழும்பு கோட்டை நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் மற்ற எஞ்சின்களை விட்டிட்டு எம்4-ஐத்தான் தேடுவன். எங்கட எம்2-உம் கனடாவில் இருந்து வந்ததுதான், ஆனால் அது ஜெனரல் மோட்டார்ஸ். 1950-களில் வந்தது, எம்4-ஐ விட மூத்தது. அதுவும் இன்னும் ஓடுது. கணக்கர் ஐயாவுக்கு இது சந்தோஷமாயிருக்கும்.

பிறகு 1996-இல் வாரணாசியில் இருந்து எம்8 வந்தது. உங்கட டபிள்யூடிஎம்-2-இன்ட தம்பி. இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே அகலப் பாதை எண்டதால் பெரிய மாற்றம் இல்லாமல் கொண்டுவந்து இறக்கிவிடலாம். எங்கள் சனத்துக்கு வடக்குப் பாதை 1990-இல் நின்று, யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ரயில் வந்தது 2014 அக்டோபரில். 24 வருடம். அந்த இடைவெளியில் பாதையில் தண்டவாளமே இருக்கவில்லை. ஆனால் பாதை போனபோது இருந்த எம்4-கள், பாதை திரும்பி வந்தபோதும் தெற்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. இதை நினைத்தால் எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யும்.

---

நாட்ச் எட்டு எழுதியது:

வவுனியா அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நானும் ஒரு பாதை மூடியதைப் பார்த்தவன். செங்கோட்டை, புனலூர் மீட்டர்கேஜ். 2010-இல் நிறுத்தினார்கள். அந்த மலைப் பாதையில் ஒய்டிஎம்-4 ஓட்டுவது தனிப் பழக்கம். முன்னால் ஒன்று, பின்னால் தள்ள ஒன்று. மழைக் காலத்தில் தண்டவாளத்தில் இலை விழுந்து நசுங்கியிருக்கும். சக்கரம் வழுக்கும். அவசரப்பட்டு நாட்ச் (எஞ்சின் பலத்தைக் கூட்டும் கைப்பிடியின் படி) ஏற்றினால் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். லோடு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஒரு நாட்ச் இறக்கி, மணல் போட்டு, மறுபடி ஏற்றணும். ஆல்கோ இதற்குப் பதில் சொல்லும். நாட்ச் ஏற்றினால் உடனே தாவாது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, கறுப்பாக ஊதி, அப்புறம்தான் பலம் வரும். டர்போ சுழன்று காற்றைக் கொடுப்பதற்கு முன்னாலேயே டீசல் உள்ளே போய்விடுவதால் வரும் புகை அது. ஜனங்களுக்கு அது அசிங்கம். எனக்கு அது எஞ்சின் பேசுகிற பேச்சு.

கேபின் வசதி ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. நீளமான ஹூட் (எஞ்சினை மூடிய கூடு) முன்னால் வரும்படி ஓட்டும்போது பாதையின் ஒரு பக்கம் தெரியவே தெரியாது. அசிஸ்டெண்ட் சொல்வதுதான் கண். சிக்னல் நிறத்தை இரண்டு பேரும் உரக்கச் சொல்லிக்கொள்வோம்.

---

ஸ்க்ராண்டன் வாசி எழுதியது:

பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் பக்கத்தில் இருக்கிறேன். ஆல்கோ பிரியர்கள் உலகம் முழுவதிலிருந்தும் இந்த ஊருக்கு வருகிறார்கள். காரணம், டெலவேர்-லாக்கவானா என்ற சின்ன ரயில்வே. ஆல்கோ, மொன்ட்ரியல் எஞ்சின்களை வைத்துத் தினமும் சரக்கு இழுக்கிறார்கள். காட்சிக்கு வைத்திருக்கவில்லை, வருமானத்துக்கு. பெரிய ரயில்வேக்கள் தள்ளிய எஞ்சின்களை மலிவாக வாங்கி, ஓடாதவற்றை உதிரிக்காகப் பிரித்து, வேலை தெரிந்த சிலரை வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள். ஆர்கன்சாவில் ஆர்கன்சா-மிசூரி ரயில்வேயும் 1986-லிருந்து பல வருடம் முழுக்க ஆல்கோவை நம்பியே ஓடியது.

ஆல்கோ பிஏ என்று ஒரு பயணிகள் எஞ்சின். 1946-லிருந்து கட்டியது. நீண்ட மூக்கு. அமெரிக்க டீசல்களிலேயே அழகானது என்று பலர் சொல்வார்கள். ஆனால் உள்ளே இருந்தது அந்தத் தொல்லை பிடித்த 244. ஒவ்வொன்றாக நொறுக்கிவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது நான்கு. டெலவேர்-ஹட்சன் ரயில்வே அவற்றை 1967-இல் சாண்டா ஃபேயிடமிருந்து வாங்கி, எழுபதுகளில் 251 எஞ்சின் போட்டு ஓட்டியது. 1978-இல் நான்கும் மெக்சிகோவுக்குப் போயின. அங்கே சிதைந்து கிடந்தவற்றில் இரண்டு 2000-இல் திரும்பி வந்தன. ஒன்றை டாய்ல் மெக்கார்மக் என்பவர் ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் வைத்து இருபது வருடத்துக்கு மேல் உழைத்துச் சீராக்கினார். உள்ளே எலும்பு மட்டும்தான் இருந்ததாம். அந்த எஞ்சின் 2023-இல் இங்கே ஸ்க்ராண்டனுக்கு வந்துவிட்டது.

அருவங்காடு நண்பருக்கு ஒரு தனிச் செய்தி. உங்கள் ஒய்டிஎம்-4 ஆல்கோவின் டிஎல்535 குடும்பம். அதே குடும்பத்து எஞ்சின்களை அலாஸ்காவில் வைட் பாஸ்-யூகான் என்ற மலை ரயில் 1969-இல் தொடங்கி வாங்கியது. மூன்றடிக் குறும்பாதை. பனி மலையில் 50 வருடம் இழுத்துவிட்டு, இப்போது சில கொலராடோவின் டுராங்கோ-சில்வர்டன் மலை ரயிலுக்கு வந்திருக்கின்றன. அங்கேயும் பெயர் பெற்றது ஸ்டீம் எஞ்சின்தான். பக்கத்தில் ஆல்கோ டீசல். குன்னூர் கதையேதான், இல்லையா?

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாசா ராக்கெட்டை ஏவுதளத்துக்குச் சுமந்து போகும் அந்தப் பிரம்மாண்டமான வண்டி இருக்கிறதே, கிராலர், 1965-இல் கட்டியது, அதற்கும் சக்தி கொடுப்பது இரண்டு 16 சிலிண்டர் ஆல்கோ 251. ஒவ்வொன்றும் 2750 குதிரைத்திறன். அப்போலோவுக்காகக் கட்டினார்கள். 2022-இல் ஆர்ட்டெமிஸ் ராக்கெட்டையும் அதே வகை எஞ்சின்தான் சுமந்து போனது.

---

ஷெட் ஃபிட்டர் எழுதியது:

ஐயோ, இது எனக்குத் தெரியாதே தம்பி! 16 சிலிண்டர் 251 என்றால் எங்கள் டபிள்யூடிஎம்-2-க்கு ரத்த சொந்தம். நான் கழற்றி மாட்டிய அதே பிஸ்டன், அதே லைனர் அளவு. சந்திரனுக்குப் போன ராக்கெட்டின் அடியில். இன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. பேரனை எழுப்பிச் சொல்லிவிட்டேன்.

---

கணக்கர் எழுதியது:

ஐயா, உங்கள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். கிராலர் விஷயத்தில் நான் தோற்றேன். மணிக்கு ஒரு மைல் போகிற வண்டி என்றாலும், அங்கே பணத்துக்குக் குறைவில்லை. புது எஞ்சின் வைத்துக்கொள்ள முடியாமல் இல்லை. வைத்திருக்கிறார்கள் என்றால் நம்பிக்கைதான் காரணம்.

சாமான் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். ஆல்கோவின் ரயில் தொழில் செத்தாலும் 251 எஞ்சின் தொழில் சாகவில்லை. 1970-இல் வைட் என்ற கம்பெனிக்கு, 1977-இல் பிரிட்டனின் ஜிஇசிக்கு, 1994-இல் ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸுக்கு என்று கை மாறியிருக்கிறது. கப்பல், மின்நிலையம் என்று வேறு இடங்களிலும் அது ஓடியதால் பாகங்கள் வார்ப்பது நிற்கவில்லை. கூடவே இந்தியா. ஆயிரக்கணக்கான எஞ்சின்களுக்குச் சாமான் செய்ய ஒரு தொழிலே இங்கே வளர்ந்துவிட்டது.

அதனால் என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். முன்னால் "வேறு வழி இல்லை" என்று எழுதினேன். அது சரியில்லை. கம்பெனி போனாலும் வரைபடம் வாரணாசியிலும் மொன்ட்ரியலிலும் சிட்னியிலும் இருந்தது. யாரிடமும் கேட்காமல் கட்டவும் மாற்றவும் முடிந்தது. போட்டியில் ஜெயித்திருந்தால் ஆல்கோ அதை இப்படி விட்டுக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இந்தியாவில் இதன் முடிவு வந்துவிட்டது என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன். அதை முடித்தது இஎம்டி இல்லை, மின்கம்பி. 2018-இல் இரண்டு டபிள்யூடிஜி-3ஏ ஆல்கோக்களைப் பிரித்து வாரணாசியிலேயே 10,000 குதிரைத்திறன் மின்சார ஜோடி எஞ்சினாக்கிக் காட்டினார்கள். 2020-இல் ஆலையின் பெயரிலிருந்தே டீசல் என்ற சொல் போய்விட்டது.

---

நாட்ச் எட்டு எழுதியது:

முடிவு வந்தது உண்மை. ஆனால் எல்லாமே அடுப்புக்குப் போகவில்லை. பங்களாதேஷுக்கு 2020-இல் 10, 2023-இல் 20 என்று டபிள்யூடிஎம்-3டி எஞ்சின்களைக் கொடுத்திருக்கிறோம். இங்கே மின்கம்பியின் கீழ் சும்மா நின்றவை அங்கே எக்ஸ்பிரஸ் இழுக்கின்றன. ஒய்டிஎம்-4-உம் மீட்டர்கேஜ் இருக்கும் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. வியட்நாமில் டி13இ என்று பெயர்.

நான் கடைசியாக ஆல்கோவைப் பார்த்தது பாதை வேலைக்கான சாமான் வண்டியில். ராத்திரி லைன் பிளாக்கில் (வேலைக்காகப் பாதையை அடைத்து வைக்கும் நேரத்தில்) கம்பி வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மின்சார எஞ்சின் எல்லாம் ஊமையாக நிற்க, இது ஒன்று மட்டும் முனகிக்கொண்டு நின்றது. எந்த வேலைக்கு என்று கேட்கிறீர்களா? தன்னை வீட்டுக்கு அனுப்பப்போகிற அதே கம்பியைப் போடுவதற்கான சாமான்களைச் சுமக்க.

---

அருவங்காடு எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

ஃபிட்டர் ஐயா, ஒரு கேள்வி. என் எஞ்சினின் பக்கவாட்டில் டிஎல்டபிள்யூ தகடு இருந்தது. அதில் இருக்கும் வருடம்தான் அதன் வயசா?

---

ஷெட் ஃபிட்டர் எழுதியது:

தகடு சட்டத்தின் வயசு தம்பி. உள்ளே இருக்கும் எஞ்சின் பிளாக்குக்குத் தனி நம்பர் உண்டு. பெரிய ஓவர்ஹாலில் ஒரு வண்டியின் பிளாக்கை எடுத்து இன்னொன்றில் போடுவோம். சக்கரத்தைச் சுழற்றும் ட்ராக்ஷன் மோட்டார் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும், டர்போ இன்னொன்றிலிருந்து. அடுத்த தடவை போனால் டிரைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நேரம் இருந்தால் ஹூட் கதவைத் திறந்து காட்டுவார். கிட்டே போகும்போது சட்டையை உள்ளே சொருகிக்கொள்ளுங்கள்.

---

அருவங்காடு எழுதியது:

இன்றைக்குப் போயிருந்தேன். குன்னூரில் எஞ்சின் மாற்றுகிற நேரம். டிரைவர் முதலில் யோசித்தார். டீசல் ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர் சொல்லி அனுப்பினார் என்றேன். முகம் மாறிவிட்டது. ஒரே ஒரு கதவைத் திறந்தார். சூடும் எண்ணெய் வாசமும் முகத்தில் அடித்தன. ஆறு தலைகள் வரிசையாக. ஐந்து ஒரே மாதிரி பழுப்பேறிக் கிடந்தன. நான்காவது மட்டும் புதுசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. "இது போன மாசம் மாற்றினது" என்றார்.

பிளாக் நம்பரும் எழுதிக்கொண்டேன். தகட்டு வருடத்தோடு ஒத்துப்போகவில்லை. ஐயா, உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். அது முன்னால் எந்த வண்டியில் இருந்தது என்று உங்கள் பழைய நண்பர்களிடம் கேட்டுப் பார்க்க முடியுமா?